வன்னியில இருந்து போய் வானத்தில குதிக்கிறது: முதல்தரம் டான்டெம் ஸ்கைடைவ் செய்யப்போறவைக்கு

லீவில ஊருக்கு வந்து நிக்கேக்க நான் டுபாயில பிளேனில இருந்து பரசூட்டோட குதிச்ச வீடியோவ போன்ல காட்டினதுதான், அண்டைக்குத் தொடங்கின கேள்வி இன்னும் முடியேல்ல. புதுக்குடியிருப்பு, விசுவமடு, கிளிநொச்சி, மாங்குளம், அங்கால மன்னார்ப் பக்கம் எண்டு எல்லா இடத்தில இருந்தும் வட்ஸப்பில கேக்கினம். டுபாய் கட்டாருக்கு வேலைக்குப் போற பெடியள், சுவிஸிலயோ கனடாவிலயோ இருக்கிற அண்ணனிட்ட விசிட் போற ஆக்கள், மகன் குதிக்கப்போறன் எண்டு சொல்லிப்போட்டான் எண்டு தலையில கைவைச்சுக்கொண்டு இருக்கிற அம்மாமார். ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் அனுப்பி ஏலாமப் போச்சு, அதால எல்லாத்தையும் இஞ்சயே எழுதிவிடுறன். நான் இன்ஸ்ட்ரக்டர் இல்லை, டுபாயில வேலை செய்யேக்க குதிச்ச ஒராள், பேந்து உதில விசராகி வாசிச்சு, அங்க வேலை செய்யிற ஆக்களோட கதைச்சு அறிஞ்சு வைச்சிருக்கிறன், அவ்வளவுதான்.

டான்டெம் எண்டா என்ன? தனியவோ குதிக்கிறது?

இல்லை. முதல்தரம் போற உங்கள ஆரும் தனியத் தள்ளிவிட மாட்டினம். ஒரு இன்ஸ்ட்ரக்டர் இருப்பார், அவற்ற நெஞ்சுப் பக்கத்தோட உங்கட முதுகு ஒட்டின மாதிரி உங்களக் கொழுவி வைச்சிருப்பினம். பரசூட் பை அவற்ற முதுகில, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பைதான். உங்கட உடம்பில இருக்கிறது வாரும் கொக்கியும் மட்டும்தான். அவர்தான் எல்லாத்தையும் பாக்கிறது, எப்ப குதிக்கிறது, எப்ப இழுக்கிறது, எங்க இறக்கிறது எண்டு. உங்களுக்கு உள்ள வேலை சரியான குறைவு, ஆனா அந்தக் குறைஞ்ச வேலைய வடிவாச் செய்யோணும், கீழ சொல்லுறன்.

எவ்வளவு உயரம்?

இடத்துக்கு இடம் மாறும், கூடுதலா 10,000 அடியில இருந்து 13,000 அடி வரைக்கும், சில இடங்களில 15,000 அடியும் இருக்கு. 13,000 அடி எண்டா கிட்டத்தட்ட 4 கிலோமீற்றர். எங்கட நாட்டில ஆக உயர்ந்த மலை பீதுருதாலகால, அது 2,524 மீற்றர், அதின்ட உச்சியில ஏறி நிண்டு அதுக்கு மேல இன்னும் ஒண்டரைக் கிலோமீற்றர் கிட்ட போனா எப்பிடி இருக்கும், அந்த உயரம்.

எவ்வளவு நேரம் விழுவம்?

13,000 அடி எண்டா பரசூட் திறக்கிறதுக்கு முதல் ஒரு 45 செக்கனில இருந்து ஒரு நிமிசம். முதல் 10 செக்கனுக்குள்ள கிட்டத்தட்ட ஆயிரம் அடி போயிடும், அதுக்குப் பிறகு வேகம் கூடாது, காத்து எதிர்த்துத் தள்ளுறதும் உங்கட பாரமும் சமனாப் போயிடும், பேந்து அஞ்சு ஆறு செக்கனுக்கு ஆயிரம் அடிப்படி ஒரே வேகம்தான். மணிக்கு 190, 200 கிலோமீற்றர். 5,000 அடி, 5,500 அடியில பரசூட் திறக்கும், அங்க இருந்து கீழ வர அஞ்சு ஏழு நிமிசம்.

ரெண்டு பேற்ற பாரம் சேந்தா வேகம் கூடாதோ எண்டு மாங்குளத்துப் பெடியன் ஒருத்தன் கேட்டவன், நல்ல கேள்வி. கூடும்தான். அதுக்காக குதிச்சு கொஞ்ச செக்கனுக்குள்ள இன்ஸ்ட்ரக்டர் பின்னால ஒரு சின்னப் பரசூட்ட எறிவார், அதுக்கு ட்ரோக் எண்டு பேர். அது வாலப் பிடிச்சு இழுத்துக்கொண்டே வரும், அதாலதான் ரெண்டு பேரும் ஒராள் விழுற வேகத்திலயே விழுறது. பெரிய பரசூட்ட வெளிய இழுத்து எடுக்கிறதும் பேந்து அந்த ட்ரோக்தான்.

வயித்தைக் கலக்குமோ, அந்த தீம் பார்க் ராட்டினத்தில மேல இருந்து கீழ வரேக்க வாற மாதிரி?

கனபேர் இதுக்குத்தான் பயப்பிடினம், ஆனா அப்பிடி வாறேல்ல, வந்தாலும் சரியான குறைவு. பிளேன் ஏற்கனவே முன்னுக்கு நல்ல வேகத்தில போய்க்கொண்டு இருக்கு, நீங்களும் அதே வேகத்தோடதான் வெளிய வாறீங்கள், அதால கால் வெளிய வைச்ச உடனயே காத்து உங்களப் பிடிச்சிடும். நிண்ட இடத்தில இருந்து திடீரெண்டு விழுற உணர்வு இல்லை. காத்தில படுத்திருக்கிற மாதிரித்தான் இருக்கும், சரியான சத்தமா.

வயித்தப் பிரட்டுறது பரசூட் திறந்தாப் பிறகுதான். இன்ஸ்ட்ரக்டர்மார் சிலபேர் உங்களச் சந்தோசப்படுத்திறன் எண்டு சுத்திச் சுத்தி இறக்குவினம், அதில கனபேர் சத்தி எடுத்திருக்கினம். பஸ்ஸில பளைக்கு முதலே ஜன்னல் சீற் கேக்கிற ஆள் நீங்கள் எண்டா முதலே சொல்லி வையுங்கோ, சுத்தாம ஆறுதலா இறக்குங்கோ எண்டு. அவை ஒண்டும் நினைக்க மாட்டினம்.

மூச்சு எடுக்க ஏலுமோ?

ஏலும். பயத்தில மூச்சப் பிடிச்சு வைச்சிருக்கிறதுதான் பிரச்சினை. மூச்சு வரேல்ல எண்டு தெரிஞ்சா ஒருக்கா கத்துங்கோ, கத்தினா காத்து வெளிய போகும், பேந்து தானா உள்ளுக்கு வரும். என்ன கெட்ட வார்த்தை சொன்னாலும் ஒருத்தருக்கும் கேக்காது, ஆனா வீடியோவில வாய் அசையிறது தெரியும், அம்மாவுக்குக் காட்டப்போறீங்கள் எண்டா யோசிச்சுக் கத்துங்கோ.

பரசூட் எண்டா பரா லைட்டில வாற துணிதானே, அது எப்பிடி ரெண்டு பேரத் தாங்கும்?

இத என்னட்ட கேட்டது எங்கட சித்தப்பா. வெளியில ஆருக்கும் விளங்காது, எங்கட சனத்துக்கு மட்டும்தான் விளங்கும், ஏனெண்டா நாங்கள் முதன்முதலாக் கண்ட பரசூட் அதுதான், இரவில ஆமி அடிக்கிற பரா லைட், எரிஞ்சு முடிய விடியக்காலமை காணிக்குள்ளயோ வடலிக்குள்ளயோ கிடக்கும், வெள்ளைத் துணியும் நூலுமா. அத எடுத்து வைச்சிருக்காத பெடியள் குறைவு. எங்கட அம்மம்மா அதில தலையணை உறை தைச்சவா, கழுவக் கழுவ மினுங்கும்.

ஆனா அது வட்டத் துணி, சின்னன், ஒரு விளக்க ஆறுதலா இறக்க மட்டும் செய்தது. டான்டெம் பரசூட் வேற சாமான். நீள்சதுரமா இருக்கும், மேல ஒரு துணி கீழ ஒரு துணி, நடுவில அறை அறையாத் தட்டி வைச்சுத் தைச்சிருப்பினம், முன்பக்கம் திறந்திருக்கும், அதுக்குள்ள காத்துப் போய் நிரம்ப அது செட்டை மாதிரி விறைச்சுக்கொண்டு நிக்கும். அதால அது சும்மா இறங்கிறேல்ல, முன்னுக்குப் பறக்கும், இடம் வலம் திருப்பலாம், நிலத்துக்குக் கிட்ட வர பிரேக் பிடிச்சு மெல்லமா வைக்கலாம். அளவு 300 சதுர அடிக்கு மேல, வீட்டுத்திட்டத்து வீட்டின்ர விறாந்தையையும் ஒரு அறையையும் சேத்து மூடலாம். துணி நைலோன், கட்டம் கட்டமாத் தடிச்ச நூல் போட்டு நெய்தது, ஒரு இடத்தில கிழிஞ்சாலும் ஓடிக் கிழியாது.

திறக்காட்டி?

ரெண்டாவது ஒண்டு இருக்கு. எல்லா டான்டெம் பையிலயும் ரெண்டு பரசூட், பெரியது ஒண்டு, அவசரத்துக்கு ஒண்டு. அவசரப் பரசூட்ட லைசன்ஸ் உள்ள ஆள்தான் மடிக்கலாம், அமெரிக்காவில எண்டா 180 நாளுக்கு ஒருக்கா பாவிச்சாலும் பாவிக்காட்டியும் விரிச்சுப் பாத்துத் திருப்பி மடிக்கோணும் எண்டு சட்டம். பெரியது சிக்கினா அத முதல் கழட்டி எறிஞ்சிட்டுத்தான் மற்றத திறக்கோணும், இல்லாட்டி ரெண்டும் ஒண்டோட ஒண்டு சுத்திக்கொள்ளும். அப்பிடிக் கழட்ட தோள்பட்டையில மூண்டு வளையம் ஒண்டுக்குள்ள ஒண்டு கோத்து இருக்கும், பெரிய வளையம், நடுத்தரம், சின்னன், கடைசியில ஒரு நூல் வளையம், அதப் பூட்டி ஒரு கேபிள். கேபிள இழுத்தா மூண்டும் வரிசையாக் கழண்டு விடும். எத்தனையோ நூறு கிலோ பாரம் தொங்கிக்கொண்டு இருந்தாலும் ஒரு கையால இழுத்துக் கழட்டக் கூடிய மாதிரி செய்திருக்கு, எனக்கு முழு விசயத்திலயும் ஆகப் பிடிச்சது அந்தச் சின்ன வளையம்தான். அதக் கண்டுபிடிச்சது பில் பூத் எண்ட அமெரிக்கன், 1980களின்ட தொடக்கத்தில டான்டெம் பரசூட்டக் கொண்டு வந்ததிலயும் அவரும் டெட் ஸ்ட்ரோங் எண்டவரும்தான் முக்கியமான ஆக்கள்.

சரி, இன்ஸ்ட்ரக்டருக்கே ஏதும் நடந்து மயங்கிப் போட்டார் எண்டா? (இதையும் கேட்டவை, எங்கட ஆக்கள் சும்மா இல்லை.) அதுக்கு ஒரு சின்னக் கொம்பியூட்டர் இருக்கு, ஜேர்மனியில செய்யிற சைப்ரஸ் எண்டது பேர்போனது. அது காத்தழுத்தத்த அளந்துகொண்டே வரும், கிட்டத்தட்ட 1,900 அடியிலயும் இன்னும் விழுற வேகத்தில வாறீங்கள் எண்டு கண்டால், அவசரப் பரசூட்ட மூடி வைச்சிருக்கிற நூல் வளையத்த ஒரு குட்டிக் கத்தியால வெட்டி விடும். ஒருத்தரும் இழுக்கத் தேவையில்லை.

ஆனா ஆபத்தே இல்லை எண்டு நான் சொல்ல மாட்டன், அப்பிடிச் சொல்லுறவனிட்ட காசு குடுக்கவும் வேண்டாம். அமெரிக்க பரசூட் சங்கம் சொல்லுற கணக்கு, 5 லட்சம் டான்டெம் குதிப்புக்கு ஒரு மாணவர் இறப்பு எண்ட அளவில. குறைவுதான், சைபர் இல்லை. கால் பிரளுறது, இடுப்பு நோகிறது அதவிடக் கூட நடக்கும், அதுவும் இறங்கேக்கதான்.

அப்ப நான் என்னதான் செய்யோணும்?

கதவடியில தலைய பின்னுக்குச் சாச்சு இன்ஸ்ட்ரக்டரின்ட தோளில வையுங்கோ, கை ரெண்டும் நெஞ்சு வாரப் பிடிச்சிருக்கோணும், கால பிளேனுக்குக் கீழ மடிச்சு வையுங்கோ, வெளிய போனாப் பிறகு இடுப்ப முன்னுக்குத் தள்ளி வாழைப்பழம் மாதிரி வளையுங்கோ எண்டு சொல்லுவினம். தோளில தட்டினா கைய விரிக்கலாம். கதவோரத்தில கம்பியோ விளிம்போ எதையும் பிடிக்கக்கூடாது, இது முக்கியம், பயத்தில கை தானாப் போகும், அதால வாரத்தான் இறுக்கிப் பிடிக்கோணும்.

மற்றது கால். இறங்கேக்க "லெக்ஸ் அப்" எண்டு கத்துவினம், ரெண்டு காலையும் நேரா முன்னுக்கு நீட்டித் தூக்கோணும், இருந்த வாக்கில புல்லிலயோ மண்ணிலயோ சறுக்கிக்கொண்டு போய் நிப்பீங்கள். உங்கட கால் முதல் நிலத்தில பட்டா பின்னால இருக்கிற ஆளின்ட பாரமும் சேந்து உங்கட கணுக்காலிலதான் விழும். குதிக்கிறதுக்கு ஒரு கிழமைக்கு முதலே வீட்டில கதிரையில இருந்துகொண்டு காலத் தூக்கி அப்பிடியே பிடிச்சுப் பழகுங்கோ, கஸ்ரமா இருந்தா முழங்காலுக்குக் கீழ காற்சட்டையப் பிடிச்சு இழுத்துத் தூக்கலாம். வயித்தில சதை இல்லாத பெடியளுக்கே இது கஸ்ரம், தொந்தி வைச்சவைய விடுங்கோ.

தூக்குக்காவடி மாதிரித்தான் தொங்குறதோ?

அம்மா கேட்டது. முள்ளு இல்லை அம்மா. தோளில ரெண்டு கொக்கி, இடுப்புப் பக்கம் ரெண்டு கொக்கி, நாலும் வாரில. ஆனா பரசூட் திறந்தாப் பிறகு தொடையில சுத்தின வார்தான் முழுப்பாரத்தையும் தாங்கும், ஆம்பிளையளுக்கு அது கொஞ்சம் வில்லங்கம், மேல போறதுக்கு முதல் வடிவா இழுத்துச் சரி பண்ணச் சொல்லுங்கோ, வெக்கப்பட்டா பிறகு அஞ்சு நிமிசம் அழவேண்டி வரும்.

கிபிர் (குண்டு போடுற ஜெட்) சத்தத்துக்குள்ள வளந்தனான், பிளேன் எண்டாலே ஒரு மாதிரி, எனக்கு ஏலுமோ?

இந்தக் கேள்விய ஒருத்தரும் குறூப்பில கேட்டதில்லை. தனிய மெசேஜ் போட்டுத்தான் கேப்பினம், அதுவும் முதல் விலையக் கேட்டு, உடுப்பக் கேட்டு, பிறகு கடைசியா.

96ல இருந்து 2009 மே மட்டும் வன்னியில இருந்த ஆக்களுக்கு மேல சத்தம் கேட்டா என்ன செய்யோணும் எண்டு உடம்புக்குத் தெரியும், ஓடிப்போய் பங்கருக்குள்ள, பங்கர் இல்லாட்டி நிலத்தில குப்புற. இருவது வருசம் வெளிநாட்டில இருந்தாலும் அது போறேல்ல. வண்டு சுத்தின சத்தம் எண்டு நாங்கள் சொல்லுறது, அந்த வேவு விமானத்தின்ட இரைச்சல், இப்ப கலியாண வீட்டில ட்ரோன் கமரா பறக்கேக்கயே முகம் மாறுற ஆக்கள் இருக்கினம். அதால உங்களுக்கு வாற பயமும் லண்டனில பிறந்த மச்சானுக்கு வாற பயமும் ஒண்டில்லை, அவனுக்கு விழுறதுக்குப் பயம், உங்களுக்கு ஏறுறதுக்குப் பயமா இருக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் வந்த ஆள், குதிச்சது ஒண்டுமில்லையடா, அந்த ஏறின நேரம்தான் சீவன் போச்சு எண்டு சொன்னவர்.

என்ன செய்யலாம் எண்டா, முதல்ல நேரத்துக்கு முதலே போங்கோ. அந்த இடத்தில பிளேன் ஏறி இறங்கிறத ஒரு மணித்தியாலம் நிண்டு பாருங்கோ. ட்வின் ஒட்டர், கரவன் மாதிரி புரொபெலர் பிளேன்தான் கூட, ஜெட் இல்லை, கிபிரின்ட அந்த வானத்தக் கிழிக்கிற சத்தம் இதில இல்லவே இல்லை. ஆனா ட்வின் ஒட்டருக்கு ரெண்டு எஞ்சின், ஆறுதலா இரைஞ்சுகொண்டு வட்டமடிச்சு ஏறும், கீழ இருந்து கேக்கேக்க பழைய பொம்மர் ஞாபகம் வரலாம், அது வரட்டும், நிலத்தில நிண்டு கேக்கேக்கயே வந்திட்டுப் போகட்டும், உள்ளுக்க இருந்து முதல்தரம் வாறதவிட அது நல்லம்.

ரெண்டாவது, சத்தங்கள் எந்த ஒழுங்கில வரும் எண்டு தெரிஞ்சு வைச்சிருங்கோ. ஏற 15, 20 நிமிசம் எஞ்சின் இரைச்சல். கதவு திறக்கேக்க திடீரெண்டு பெரிய இரைச்சலும் குளிரும் ஒண்டாக் குத்திக்கொண்டு வரும். விழேக்க காத்துச் சத்தம் மட்டும், காது அடைக்கிற அளவுக்கு. பரசூட் திறக்கேக்க தலைக்கு மேல துணி விரியிற சத்தம் "படார்" எண்டு கேக்கும், உடம்பையும் தூக்கி நிமித்தும், இது ஒண்டும் வெடிக்கேல்ல, இதுதான் நீங்கள் கேக்க ஆசைப்படுற சத்தம். அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை, பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி இன்ஸ்ட்ரக்டரோட கதைக்கலாம்.

மூண்டாவது, இன்ஸ்ட்ரக்டருக்குச் சொல்லுங்கோ. முழுக்கதையும் தேவையில்லை, சண்டை நடந்த இடத்தில வளந்தனான், திடீர்ச் சத்தம் எனக்குக் கூடாது, ஒவ்வொண்டும் நடக்க முதல் காதுக்குள்ள சொல்லுங்கோ எண்டா காணும். இதக் கேட்டுச் சிரிக்கிற ஆளெண்டா வேற ஆளக் கேளுங்கோ, காசு குடுக்கிறது நீங்கள். இரவில நித்திரை இல்லாம, கனவு கண்டு எழும்பிற அளவில இப்பவும் இருக்கிற ஆக்கள் முதல் ஒரு மனநல டொக்டரோட கதைச்சிட்டு பேந்து இதப்பற்றி யோசியுங்கோ, பயத்த முறிக்கப் போறன் எண்டு இதுக்குள்ள போய் விழாதேங்கோ, வானம் எங்கயும் ஓடிப்போகாது.

கால் இல்லை, செயற்கைக்கால்தான், விடுவினமோ?

கனஇடங்களில விடுவினம். கால் இழந்த ஆக்கள், சக்கர நாற்காலியில இருக்கிற ஆக்களும் உலகம் முழுக்க டான்டெம் குதிக்கினம். ஆனா அண்டைக்குப் போய் நிண்டு கேக்கிற விசயம் இல்லை இது, முதலே மெயில் போட்டு, எந்தக் கால், முழங்காலுக்கு மேலயோ கீழயோ, மற்றக் கால எவ்வளவு தூக்கலாம் எண்டு விபரமா எழுதோணும். செயற்கைக்கால கழட்டி வைச்சிட்டுக் குதிக்கிறதோ கட்டிக்கொண்டு குதிக்கிறதோ எண்டு அவை தீர்மானிப்பினம், ஏனெண்டா காத்தில அது கழண்டு போனா கீழ ஆற்ற தலையில விழும் எண்டு சொல்லேலாது. தொடையில வார் சுத்த இடம் காணாட்டி வேற மாதிரி ஹார்னெஸ் வேணும். கால தூக்கி வைக்க ஒரு பட்டி போட்டு இன்ஸ்ட்ரக்டர் இழுக்கிற முறையும் இருக்கு.

உடம்புக்குள்ள செல் (எறிகணை) துண்டு இருக்கு எண்டு இன்னொரு அக்கா கேட்டவா. துண்டு இருக்கிறது பிரச்சினை இல்லை, எங்க இருக்கு எண்டதுதான். முள்ளந்தண்டுக்குக் கிட்ட, இடுப்பு மூட்டுக்குக் கிட்ட, இல்லாட்டி வார் இறுக்கிற தோள், நெஞ்சு, தொடைப் பக்கம் எண்டா எக்ஸ்ரேயோட டொக்டரிட்டக் காட்டிக் கேளுங்கோ. செல் சத்தத்தில செவிப்பறை போன ஆக்களும் காது மூக்கு தொண்டை டொக்டரக் காணாமப் போகவேண்டாம். போமில "ஒண்டும் இல்லை" எண்டு டிக் போடுற பழக்கம் எங்கட ஆக்களுக்கு நல்லா இருக்கு, உதில மட்டும் செய்யாதேங்கோ.

வேற ஆர் ஆர் குதிக்கக்கூடாது?

பிள்ளை வயித்தில இருக்கிறவை, இருதய வருத்தம், வலிப்பு, கிட்டடியில ஒப்பரேசன் செய்தவை, தோள்மூட்டு அடிக்கடி கழருற ஆக்கள். பிறசர், சீனி இருந்தா டொக்டரிட்டக் கேட்டிட்டு. தடிமன் மூக்கடைப்பு எண்டா அண்டைக்கு விடுங்கோ, 4 கிலோமீற்றர் உயரத்தில இருந்து ஒரு சில நிமிசத்தில இறங்கேக்க காது கிழியிற மாதிரி நோகும். பாரத்துக்கும் எல்லை இருக்கு, கூடுதலா 90, 100 கிலோவுக்குள்ள, போன உடன தராசில ஏத்துவினம், போனில சொன்ன கிலோ செல்லாது. வயது டுபாய், அமெரிக்கா எண்டா 18, இங்கிலாந்தில தாய் தகப்பன் கையெழுத்தோட 16.

முல்லைத்தீவில கடலட்டைக்கு சிலிண்டர் போட்டு இறங்கிறனான், பிரச்சினையோ?

இத நல்லா வாசியுங்கோ, ஏனெண்டா இத ஒருத்தரும் உங்களுக்குச் சொல்ல மாட்டினம். தண்ணிக்குக் கீழ சிலிண்டர் காத்த அமுக்கத்தில எடுக்கேக்க நைதரசன் இரத்தத்தில கரைஞ்சு நிக்கும். ஆறுதலா அது வெளிய போறதுக்கு முதல் உயரத்துக்குப் போனா, அங்க அமுக்கம் குறைவு, சோடாப் போத்தல் திறந்தா நுரைக்கிற கணக்கில உடம்புக்குள்ள குமிழி வரும். எழும்பேலாமப் போற வாதம் எண்டு கரையில சொல்லுறது அதத்தான். குதிக்கிற பிளேன் பெரிய பயணிகள் விமானம் மாதிரி உள்ளுக்கு அமுக்கம் கட்டினது இல்லை, 13,000 அடி எண்டா 13,000 அடிதான். டைவ் அடிச்சு 24 மணித்தியாலம் போகாம ஏறவே கூடாது, ஒரு நாளில கன தரம் இறங்கின ஆக்கள் இன்னும் கூட விடுங்கோ.

தாலிக்கொடிய என்ன செய்யிறது?

மச்சாள் ஒராள் கலியாணம் முடிஞ்சு கட்டாருக்குப் போய், அங்க இருந்து விசிட்டில டுபாய்க்கு வந்து கேட்டவா. சங்கிலி, மோதிரம், காப்பு, தோடு எல்லாம் கழட்டச் சொல்லுவினம், வாரில சிக்கினா கழுத்த வெட்டும், காத்தில போனா போனதுதான். எங்கட ஆக்களின்ட தாலிக்கொடி ஒண்டும் நூல் மாதிரி இல்லையே, பவுண் கணக்கில. லொக்கர் இருக்கும், ஆனா லொக்கர நம்பாம கூட வந்த ஆளிட்டக் குடுக்கிறது நல்லம். கழட்டவே மாட்டன் எண்டா கழுத்து மூடின இறுக்கமான ரீசேட்டுக்கு உள்ளுக்க விட்டு, இன்ஸ்ட்ரக்டருக்குக் காட்டிக் கேளுங்கோ, சிலபேர் ஓம் எண்டுவினம், சிலபேர் மாட்டன் எண்டுவினம், மாட்டன் எண்டா சண்டை பிடிக்கவேண்டாம். புருசன்மார் இதில வாய் திறக்கத் தேவையில்லை.

கையில கட்டின கோயில் நூல் பிரச்சினை இல்லை.

உடுப்பு, செருப்பு?

லேஸ் கட்டின சப்பாத்து, இறுக்கமாக் கட்டோணும். செருப்பு வேண்டாம், பாட்டா வேண்டவே வேண்டாம். ஜீன்ஸ் இறுக்கம் எண்டா காலத் தூக்கேலாது, ட்ராக் பொட்டம் நல்லம். 1,000 அடிக்கு ஏறக்குறைய 2 பாகை குறையும், கீழ 32 பாகை எண்டா மேல அஞ்சாறு பாகை, எங்கட ஆக்கள் நுவரெலியாவிலயே நடுங்கிறவை, நீளக்கை போட்டுக்கொண்டு போங்கோ. முடிய இறுக்கிப் பின்னிக் கட்டுங்கோ, விட்டா இன்ஸ்ட்ரக்டரின்ட வாய்க்குள்ளதான் போகும். கண்ணாடி போட்டா அதுக்கு மேல போடுற மாதிரி கொகிள்ஸ் இருக்கு.

சாப்பிட்டிட்டோ போறது?

ஓம். பசியோட போனாத்தான் தலை சுத்தும். ரெண்டு மணித்தியாலத்துக்கு முதல் ரெண்டு இடியப்பம், ரெண்டு பாண் துண்டு, அவ்வளவு காணும், புட்டும் கணவாய்க் கறியும் பின்னேரத்துக்கு வையுங்கோ. முதல்நாள் இரவு தண்ணி அடிக்கிறேல்ல, மணந்தாலே ஏத்த மாட்டினம்.

எவ்வளவு முடியும்?

டுபாயில கடலோரம் பாம் ஜுமேரா எண்ட செயற்கைத் தீவுக்கு மேல எண்டா 2,000 திர்ஹாமுக்கு மேல போகும், பாலைவனப் பக்கம் அதவிடக் குறைவு. விலை மாறிக்கொண்டே இருக்கும், ஒன்லைனில பாத்திட்டு புக் பண்ணுங்கோ. வீடியோ சேந்ததோ தனியவோ எண்டு வடிவா வாசியுங்கோ, ஏனெண்டா சில இடங்களில குதிக்கிறதுக்கு ஒரு விலை, அத எடுத்த வீடியோவுக்கு கிட்டத்தட்ட அரைவாசி இன்னொரு விலை, உங்கட சொந்தப் போனக் கொண்டு போகவும் விட மாட்டினம். ஒரு மாதச் சம்பளத்த இதில குடுக்கிறது சரியோ பிழையோ எண்டு நான் சொல்லேல்ல. வீட்டுக்கு அனுப்பிற காச முதல் அனுப்பிப்போட்டு மிச்சத்தில சேத்துச் செய்யுங்கோ, கடன் வாங்கிக் குதிக்கவேண்டாம், சீட்டு எடுத்துக் குதிச்ச ஒருத்தனையும் எனக்குத் தெரியும், அவன் இன்னும் கட்டுறான்.

ட்ராவல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தாலும் அதில ஸ்கைடைவிங்க விலக்கி வைச்சிருப்பினம் கூடுதலா. சின்ன எழுத்த வாசியுங்கோ.

கதவடிக்குப் போய் ஏலாது எண்டா?

ஏலாது எண்டு தெளிவாச் சொன்னா பிளேனோடயே கீழ கொண்டு வருவினம். காசு கூடுதலாத் திரும்ப வராது. காத்து, மேகம், மழை எண்டு அவை நிப்பாட்டினா வேற நாள் தருவினம், சிலநேரம் நாள் முழுக்க வாங்கில குந்திக்கொண்டு இருக்கவேண்டி வரும், வேலைக்கு அரைநாள் லீவு போட்டுப் போற விளையாட்டு விளையாடாதேங்கோ. காத்துச் சரியில்லை எண்டு நிப்பாட்டுற இடம் நல்ல இடம்.

இன்ஸ்ட்ரக்டர் நல்லவரோ எண்டு எப்பிடித் தெரியும்?

அமெரிக்க விதிப்படி டான்டெம் கொண்டு போறவருக்கு ஆகக் குறைஞ்சது 3 வருச அனுபவமும் 500 குதிப்பும் வேணும், கனபேருக்கு ஆயிரக்கணக்கில இருக்கும். எத்தனை தரம் குதிச்சனீங்கள் எண்டு கேக்கலாம், கேட்டா சந்தோசமாச் சொல்லுவினம். மற்றது கொக்கிகள அவர் உங்களுக்குத் தொட்டுக் காட்டிச் சொல்லுறாரோ எண்டு பாருங்கோ, கொழுவினாப் பிறகும் திருப்பித் திருப்பிக் கைவைச்சுப் பாக்கிற ஆள்தான் நல்ல ஆள்.

அம்மாவுக்கு முதலே சொல்லுறதோ, பிறகோ?

பிறகு. முதல் சொன்னீங்களெண்டா முறிகண்டியில தேங்காய், வற்றாப்பளையில நேர்த்தி, அதோட சாத்திரியிட்ட ஒரு நடை, சாத்திரி எப்பிடியும் அட்டமத்துச் சனி எண்டுதான் சொல்லுவார். ஆனா புருசனுக்கோ மனுசிக்கோ கட்டாயம் முதல் சொல்லுங்கோ, போமில அவசரத்துக்கு அழைக்கிற ஆள் எண்டு ஒரு நம்பர் எழுதோணும், அந்த ஆள் விசயம் தெரியாம போன் எடுக்கக்கூடாது.

பிடிச்சிட்டுது, தனியக் குதிக்கப் பழகலாமோ?

பழகலாம். ஏஎப்எப் எண்டு ஒரு கோர்ஸ், ஒரு நாள் நிலத்தில வகுப்பு, பிறகு உங்கட சொந்தப் பரசூட்டோட குதிப்பீங்கள், பக்கத்தில இன்ஸ்ட்ரக்டர்மார் பிடிச்சுக்கொண்டு வருவினம், படிப்படியாக் கைய விடுவினம். அமெரிக்க சங்கத்தின்ட முதல் லைசன்ஸ், ஏ லைசன்ஸ், அதுக்கு 25 குதிப்பு வேணும். காசக் கணக்குப் பாத்தா கிளிநொச்சியில ஒரு பழைய மோட்டர்சைக்கிள் வாங்கலாம், நல்லதாவே. முதல் டுபாயில மிர்டிப் சிற்றி சென்ரர் எண்ட கடைத்தொகுதியில இருக்கிற காத்துக் குழாய்க்குள்ள, ஐபிளை எண்டு பேர், போய்ப் பாருங்கோ, கீழ இருந்து காத்தடிச்சு உங்கள மிதக்க விடுவினம், செலவும் குறைவு, உடம்ப எப்பிடி வைச்சிருக்கிறது எண்டு பிடிபடும். அதிலயே ஆசை அடங்கிப் போற ஆக்களும் இருக்கினம்.